வலயத்தின் ஆண்டுத் திட்டத்தைக் கடைசிப் பாடசாலையிலிருந்து எழுதத் தொடங்குங்கள்

உங்கள் கேள்வி இது: திருகோணமலை மாவட்டத்தில் ஒரு வலயக் கல்வி அலுவலகத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அடுத்த ஆண்டு சில பாடசாலைகளில் புதிய தொகுதிப் பாடங்களை, அதாவது சாதாரண தரத்தில் பிள்ளை தெரிவுசெய்து படிக்கும் பாடங்களை, தொடங்க வேண்டும். பின்தங்கிய பிள்ளைகளுக்கான பரிகாரக் கற்பித்தலை வலயம் முழுவதும் கொண்டுபோக வேண்டும். இணைப்பாடவிதான நிகழ்ச்சிகளையும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர வேண்டும். எங்கே தொடங்குவது, வழக்கமாக எது பிழையாகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வலயத்தில் ஆசிரியர் மிகக் குறைவான, பஸ் மிக அரிதான பாடசாலை எதுவோ அதை மேசையில் முதலில் வையுங்கள். வெருகல், ஈச்சிலம்பற்று, திரியாய், மூதூருக்கு உட்புறம் என்று ஒவ்வொரு வலயத்துக்கும் அப்படியொரு ஓரம் உண்டு. நகரத்து 1ஏபி பாடசாலையை (உயர்தர விஞ்ஞானப் பிரிவு வரை உள்ளது) மனதில் வைத்து எழுதிய திட்டம் அந்த ஓரத்துக்குப் போகும்போது முதல் மாதத்திலேயே முறிந்துவிடும். அந்த ஓரத்தில் நடக்கக்கூடியதாக எழுதிய திட்டம் நகரத்திலும் நடக்கும். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு தீர்மானத்திலிருந்து வருகின்றன.

முதலில் எது உங்கள் கையில் இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கலைத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் ஆக்குவது மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம். பாடநூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்திலிருந்து வருகிறது. சாதாரண தர, உயர்தர வினாத்தாள்கள் பரீட்சைத் திணைக்களத்துக்கு உரியவை. மாகாணப் பாடசாலைகளின் ஆளணி மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும், தேசிய பாடசாலைகளின் ஆளணி கல்வி அமைச்சிடமும் இருக்கிறது. இவற்றைத் திருத்த வலயத்தால் முடியாது. ஆனால் எந்தத் தொகுதிப் பாடத்தை எந்தப் பாடசாலை நடத்துவது, அலகுகளைத் தவணைகளுக்குள் எப்படிப் பகிர்வது, பக்கத்துப் பாடசாலைகள் ஓர் ஆசிரியரை எப்படிப் பங்கிடுவது, ஆசிரிய ஆலோசகர்களின் நாட்களை எங்கே செலவிடுவது, வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எந்த நேரத்தை ஒதுக்குவது ஆகியவை உங்கள் கையில் இருக்கின்றன. பிள்ளையின் ஓராண்டு நல்லதாக அமைவதும் அமையாததும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வரிசையில்தான் தங்கியிருக்கிறது.

ஆசிரியரும் வளமும் இல்லாமல் பாடத்தை மட்டும் மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1972 சீர்திருத்தம் சாதாரண தரத்தை நீக்கி, தேசிய கல்விச் சான்றிதழையும் தொழில்முன்னிலைப் பாடங்களையும் கொண்டுவந்தது. மீன்பிடி, விவசாயம், மட்பாண்டம் போன்ற ஊர்த்தொழில்களைப் பாடமாக்கும் எண்ணம் நல்ல எண்ணம். அவற்றைக் கற்பிக்கப் பயின்றவர்கள் போதவில்லை. பெற்றோரும் நம்பவில்லை. 1977 ஆட்சி மாற்றத்தின் பின் அது கைவிடப்பட்டது. புதிய பாடம் ஒன்றை முன்மொழிபவர் எவரிடமும் முதல் கேள்வியாக, யார் கற்பிப்பார், அவர் இடமாற்றம் பெற்றால் அடுத்தவர் யார் என்று கேளுங்கள்.

அடுத்தது நாட்கணக்கு. நாட்காட்டியில் ஆண்டுக்கு 195 பாடசாலை நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று தவணைப் பரீட்சைக்கும் தலா 7 நாள், ஆக 21 போகும். இல்ல விளையாட்டுப் போட்டியின் பயிற்சிக்கும் போட்டிக்குமாக 8 நாள். வாணி விழா, மீலாத் விழா, ஒளிவிழா, சிறுவர் தினம், ஆசிரியர் தினம் எல்லாம் சேர்த்து 6. மழை, வெள்ளம், பாடசாலை பரீட்சை நிலையமாகும் நாட்கள் 10. மொத்தம் 45 நாள் கழிய மிஞ்சுவது 150. வாரத்துக்கு 5 பாடவேளை உள்ள பாடத்துக்கு 195 பாடவேளை கிடைக்கும் என்று ஆண்டுத் திட்டத்தில் எழுதுகிறோம். உண்மையில் கிடைப்பது 150. அந்த 45 பாடவேளை எங்கே வெட்டப்படுகிறது என்று தேடினால், எப்போதும் கடைசி அலகுகளில்தான். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஆண்டின் கடைசி அலகுகள் ஓட்டமாக ஓடுகின்றன, அல்லது நடக்காமலே போகின்றன. அடுத்த ஆண்டு அதன் மேல் கட்ட வேண்டிய பாடம் அந்தரத்தில் நிற்கும்.

எனவே ஒவ்வொரு பாடத்துக்கும் 150 நாளுக்குள் முடியும் பகிர்வு ஒன்றை ஆசிரிய ஆலோசகர்களோடு இருந்து எழுதுங்கள். எந்த அலகைச் சுருக்குவது, எதைத் தொடவே கூடாது என்பதைப் பாடம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். நவம்பரில் மழைக்குள் இருந்துகொண்டு ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியாகத் தீர்மானிக்கும் நிலை வரக்கூடாது. நம் மாவட்டத்தில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். வெருகல் ஆற்றுப் பக்கமும் மூதூரின் தாழ்ந்த ஊர்களும் வெள்ளத்தில் துண்டிக்கப்படும். பாடசாலைக் கட்டடங்கள் நலன்புரி நிலையமாகும். அந்தப் பாடசாலைகளுக்கு மூன்றாம் தவணையின் சுமையை முதலிரண்டு தவணைக்கு முன்னகர்த்துங்கள். மீட்டலையும் செயற்றிட்ட வேலையையும் மூன்றாம் தவணைக்கு விடுங்கள். ஒரு எச்சரிக்கை: அலகு ஒழுங்கை மாற்றினால், தவணை வினாத்தாள் மாகாணத்திலிருந்து வருவதா வலயத்தில் தயாரிப்பதா என்று பார்த்து, தயாரிப்பவரிடம் புதிய ஒழுங்கை ஜனவரிக்கு முன் எழுத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் படிக்காத அலகில் பிள்ளை பரீட்சை எழுதும், படித்த அலகு கேட்கப்படாமல் போகும். பிறகு அந்தப் புள்ளிகளை வைத்து எந்தப் பகுப்பாய்வு செய்தாலும் பயனில்லை.

ஆசிரியர் கணக்கைத் தலையெண்ணிப் போடாதீர்கள், பாடவேளையாகப் போடுங்கள். தரம் 6 முதல் 11 வரை ஒவ்வொன்றிலும் ஒரு வகுப்பு உள்ள பாடசாலை என்றால் 6 வகுப்பு, வகுப்புக்கு வாரம் 40 பாடவேளை, மொத்தம் 240. ஓர் ஆசிரியருக்கு 30 பாடவேளை என்று கொண்டால் 8 பேர் போதும். அங்கே 9 பேர் இருப்பார்கள், ஆளணி மிகை என்று பட்டியல் சொல்லும். திறந்து பார்த்தால் தமிழுக்கு மூவர், சமயத்துக்கு இருவர் இருப்பார்கள், கணிதத்துக்கு ஒருவரும் இருக்கமாட்டார். பாடசாலை ஒவ்வொன்றுக்கும் பாட வாரியாகத் தேவையான பாடவேளை, கிடைக்கும் பாடவேளை, இடைவெளி என்று மூன்று நிரல் போட்ட தாள் ஒன்றைத் தயாரியுங்கள். அந்தத் தாள் இல்லாமல் எந்தப் புதிய திட்டத்தையும் பேசத் தொடங்க வேண்டாம். கணிதத்துக்கு வாரம் 5 பாடவேளை என்றால் 6 வகுப்புக்கும் 30. ஒரே ஆசிரியர் முழுதாக நிறைந்துவிடுவார். அவர் பிரசவ விடுமுறையில் போனால் அந்தப் பாடசாலையில் கணிதம் முழுமையாக நின்றுவிடும். இப்படி ஒற்றை ஆசிரியரில் தொங்கும் பாடங்களைச் சிவப்பில் குறித்து, அந்தக் கோட்டத்துக்குள்ளேயே (வலயத்தின் உட்பிரிவு) மாற்று ஆள் யார் என்று பெயருக்குப் பதில் பதவியாக எழுதிவையுங்கள்.

இனித் தொகுதிப் பாடம். சாதாரண தரத்தில் பிள்ளை எழுதும் 9 பாடங்களில் 6 கட்டாயம், 3 தொகுதிகளிலிருந்து தெரிவு. இங்கேதான் வலயத்துக்கு உண்மையான சுதந்திரம் இருக்கிறது; அதிகம் பிழை நேர்கிற இடமும் இதுதான். கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரையோரத்தில் நீருயிரின வளத் தொழினுட்பவியலைத் தொடங்கலாம், தம்பலகாமத்தில் விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் வலுவாக நடக்கலாம் என்று நினைப்பது நியாயம். கணக்கைப் பாருங்கள்: வாரம் 3 பாடவேளை என்று கொண்டால் தரம் 10, 11 இரண்டுக்கும் சேர்த்து 6 பாடவேளைதான். அந்த 6 பாடவேளைக்காக ஒரு முழு ஆசிரியரை யாரும் தரமாட்டார்கள். எனவே இரண்டு மூன்று பாடசாலைகள் பங்கிட வேண்டும். பங்கிடும்போது நாளாகப் பங்கிடுங்கள்: திங்கள், செவ்வாய், புதன் ஒரு பாடசாலை, வியாழன், வெள்ளி மற்றது. காலையில் ஒரு பாடசாலை, இடைவேளைக்குப் பின் இன்னொன்று என்று எழுதினால் அது தாளில் மட்டுமே நடக்கும். நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையில் பஸ் பார்த்து நிற்கும் நேரத்திலேயே இரண்டு பாடவேளை போய்விடும்.

இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே தொகுதிக்குள் இருக்கும் பாடங்கள் எல்லாம் நேரசூசியில் ஒரே வேளையில் நடக்க வேண்டும். பிள்ளைகள் அந்த நேரம் பிரிந்து போவார்கள். விவசாயம், மனைப்பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும், தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல், நீருயிரின வளம் ஆகியவை ஒரே தொகுதியில் வருகின்றன. விவசாய ஆசிரியருக்கு நீருயிரினப் பாடமும் தெரியும், அவரே இரண்டையும் எடுப்பார் என்று சிறிய பாடசாலையில் திட்டமிட்டால், ஒரே நேரத்தில் இரண்டு அறையில் அவர் நிற்க வேண்டிவரும். நேரசூசி போடத் தொடங்கும்போது முதலில் சமயப் பாடவேளையையும் அழகியல், தொகுதிப் பாடங்களையும் வையுங்கள். நகரப் பாடசாலைகளில் சைவம், இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் ஒரே வேளையில் நடக்க வேண்டியிருக்கும். அந்தத் துண்டுகள் இருந்த இடத்தில் இருக்க, மற்றவை சுற்றி வரட்டும். தமிழையும் கணிதத்தையும் முதலில் நிரப்பிவிட்டுக் கடைசியில் தொகுதிப் பாடத்துக்கு இடம் தேடுகிறவர்கள்தான் ஜனவரி முழுவதும் நேரசூசியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

கணினிப் பாடத்தை விரிவாக்குவதாக இருந்தால் இருப்புப் பதிவேட்டை நம்ப வேண்டாம். 20 கணினி என்று பதிவில் இருக்கும். கடற்கரைப் பாடசாலைகளில் உப்புக் காற்று உட்பலகைகளை அரித்துவிடும். இயங்குவது பாதியாக இருக்கும். அதிபரோடு போய் எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் போட்டு ஒரு முழுப் பாடவேளை ஓடவிட்டுப் பாருங்கள். மின்னிணைப்பு தாங்குகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். இயங்கும் கணினிக்கு மூன்று பிள்ளைக்கு மேல் வருமானால் அந்த ஆண்டு அந்தப் பாடத்தைக் கூட்ட வேண்டாம்.

தெரிவுப் படிவத்தைத் தரம் 9 பிள்ளைகளிடம் மூன்றாம் தவணைத் தொடக்கத்திலேயே கொடுங்கள். முதல், இரண்டாம், மூன்றாம் விருப்பம் என மூன்றும் இருக்க வேண்டும், பெற்றோர் ஒப்பமும் வேண்டும். ஒரு பாடத்துக்கு 15 பேருக்குக் குறைந்தால் இரண்டாம் விருப்பத்துக்கு நகர்த்துவது என்று படிவத்திலேயே எழுதிவிடுங்கள். தரம் 10 இல் ஒரு பிள்ளை ஒரு பாடத்தை எடுத்துவிட்டால் தரம் 11 முடியும்வரை அந்தப் பாடத்துக்கு ஆசிரியரை வைத்திருப்பது வலயத்தின் கடமை. அதனால் பாடம் தொடங்குவது எப்போதும் இரண்டாண்டு வாக்குறுதி. சிங்களம் இரண்டாம் மொழியாக இந்தத் தெரிவுக்குள் வருகிறது. மூன்று சமூகமும் வாழும் இந்த மாவட்டத்தில் தமிழ்ப் பாடசாலைகள் அதை இவ்வளவு குறைவாக நடத்துவது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. ஆசிரியர் பங்கீட்டுக்கு முதல் இடம் கொடுக்க வேண்டிய பாடம் அதுதான்.

உயர்தர விஞ்ஞானப் பிரிவை ஒவ்வோர் ஊரிலும் திறக்கச் சொல்லிக் கேட்பார்கள். அந்தக் கோரிக்கையின் பின்னால் உள்ள ஆசை மதிக்கத்தக்கது. ஆனால் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், இணைந்த கணிதம் என நான்கு ஆசிரியரும் ஆய்வுகூடங்களும் இல்லாமல் திறந்த பிரிவு, பிள்ளையைத் தனியார் வகுப்புக்குத்தான் அனுப்பும். கோட்டத்துக்கு ஒன்றைப் பலமாக வைத்து, சிசு செரிய எனும் மாணவர் பஸ்ஸோ விடுதியோ ஒழுங்குசெய்வது பிள்ளைக்கு நன்மை. 2013 இல் வந்த தொழினுட்பப் பிரிவுக்கும் இதே கணக்குத்தான்.

பயிற்சியைப் பற்றி ஒரு சொல். மாகாணத்தில் பயிற்றுவிக்கப்பட்டவர் வலயத்தில் பயிற்றுவிக்க, வலயத்தில் பெற்றவர் பாடசாலையில் சொல்ல, கடைசி ஆசிரியரை அடையும்போது செய்முறை எல்லாம் உதிர்ந்து சுற்றறிக்கை மட்டும் மிஞ்சும். அதோடு, 8 ஆசிரியர் உள்ள பாடசாலையிலிருந்து இரண்டு பேரை அழைத்தால் அன்று அங்கே கால்வாசிக் கற்பித்தல் நின்றுவிடும். இதற்கு ஒரு நல்ல வழி, பாடத்துக்கு ஒரு நாளைக் கட்டிவிடுவது. கணிதத்துக்குச் செவ்வாய், விஞ்ஞானத்துக்குப் புதன், ஆங்கிலத்துக்கு வியாழன் என்று வலயம் முழுவதற்கும் ஆண்டுத் தொடக்கத்தில் அறிவித்துவிடுங்கள். அந்த நாளில் அந்தப் பாட ஆசிரியரின் பாடவேளைகளை அதிபர் குறைத்துப் போடுவார். எல்லாப் பயிற்சியும் கருத்தரங்கும் அந்த நாளில் மட்டும். மற்ற நாளில் யார் கேட்டாலும் ஆசிரியரை வகுப்பிலிருந்து எடுக்க வேண்டாம். தொலைவான பாடசாலைக்கு ஆசிரிய ஆலோசகர் நேரில் போய், அந்த ஆசிரியரின் வகுப்பில் ஒரு பாடவேளை தாமே நடத்திக் காட்டுவது மண்டபத்தில் நடக்கும் ஒரு நாள் கருத்தரங்கைவிடப் பலமடங்கு பயன் தரும்.

பரிகாரக் கற்பித்தலுக்கு வருவோம். திட்டம் முழுவதிலும் முதல் பணம், முதல் ஆசிரியர், முதல் நேரம் இதற்குத்தான் போக வேண்டும். வாசிக்க முடியாமல் தரம் 6 க்கு வரும் பிள்ளைக்கு எந்தக் கலைத்திட்ட மாற்றமும் ஒன்றும் செய்யாது. இந்தப் பிள்ளைகள் உருவாகும் இடம் தரம் 1, 2. புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஆரம்பப் பிரிவின் மிகச் சிறந்த ஆசிரியரைத் தரம் 5 இல் வைக்கும் வழக்கம் எங்கும் உண்டு. அதை ஒரேயடியாக உடைக்க முடியாவிட்டாலும், தரம் 1 இல் தொடங்கும் ஆசிரியர் தரம் 2 முடியும்வரை அதே பிள்ளைகளோடு போக வேண்டும் என்பதையாவது வலியுறுத்துங்கள்.

இனங்காண்பதற்குத் தவணைப் புள்ளி உதவாது. பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கவைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு 5 நிமிடம் போதும். ஆறு படியாகத் தாள் தயாரியுங்கள்: உயிரெழுத்தும் அகர உயிர்மெய்யும், மற்ற உயிர்மெய்கள் (முக்கியமாக எ–ஏ, ஒ–ஓ வரிசையும் கொம்பும் காலும் சேர்ந்து வருபவையும்), இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள், மெய் இரட்டித்தும் மயங்கியும் வரும் சொற்கள், தனி வாக்கியம், 40 சொல் அளவுள்ள பந்தியும் அதில் இரண்டு கேள்வியும். பிள்ளை எந்தப் படியில் தடுக்குகிறதோ அங்கே அதன் குழு. தரம் 3, 4, 5 பிள்ளைகளைத் தரம் பாராமல் படி பார்த்துச் சேர்க்க வேண்டும். குழுவுக்கு 12 பேர், மிஞ்சினால் 15. நாளுக்கு ஒரு பாடவேளை, வாரம் 4 நாள், 10 வாரம். 40 தடவை, 40 நிமிடம் வீதம் 1,600 நிமிடம், ஏறத்தாழ 27 மணித்தியாலம். ஐந்தாம் வாரம் அதே தாளின் வேறு வடிவத்தால் மீண்டும் பார்த்து, ஏறிய பிள்ளையை அடுத்த குழுவுக்கு அனுப்புங்கள். ஏறாத பிள்ளைக்குக் கண்பார்வை, காது, வீட்டு நிலை எல்லாம் பார்க்க வேண்டும். அதே பாடத்தைத் திரும்ப நடத்துவது அதற்கு மருந்தாகாது.

இது பிழையாகும் விதங்கள் மூன்று நான்குதான். பாடசாலை விட்ட பிறகு வைப்பது முதலாவது. 1.30 க்குப் பின் பிள்ளை பசியோடு இருக்கும், தொலைவுப் பிள்ளைக்கு அடுத்த பஸ் இல்லை. ஆரம்பப் பிரிவு அதற்கு முன்பே முடிந்துவிடும். பாடசாலை நேரத்துக்குள்ளேயே, எல்லாத் தரத்துக்கும் தமிழ்ப் பாடவேளையை ஒரே நேரத்தில் போட்டு, அந்தப் பாடவேளையில் குழுவாகப் பிரியுங்கள். முதற் பாடவேளையில் வைக்க வேண்டாம், பிந்தி வரும் பிள்ளைதான் பெரும்பாலும் இந்தக் குழுவில் இருக்கும். சித்திரம், விளையாட்டு நேரத்திலிருந்து பிள்ளையைப் பிடித்து எடுப்பது அடுத்த பிழை. படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குப் பாடசாலையில் இருக்கும் ஒரே மகிழ்ச்சியை அது பறித்துவிடும், வரவும் குறையும். புதிதாக வந்த அனுபவமற்றவரிடம் மிகக் கீழ்ப் படிக் குழுவை ஒப்படைப்பதும் கூடாது. அந்தக் குழுவுக்குத்தான் பாடசாலையின் மிகப் பொறுமையான, எழுத்து கற்பிப்பதில் தேர்ந்த ஆசிரியர் தேவை. குழுக்களுக்கு மலர், பறவை என்று பெயர் வைத்தாலும் எது ‘மக்கு’க் குழு என்று பிள்ளைகள் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லாப் பிள்ளையும் அந்த நேரம் ஏதோ ஒரு குழுவுக்குப் போனால் மட்டுமே அந்தக் காயம் குறையும்.

நாட்காட்டி விடயத்தில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு கவனம் வேண்டும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் விடுமுறை. தவணைகள் தமிழ், சிங்களப் பாடசாலைகளோடு ஒத்துவராது. மூதூர் போன்ற வலயத்தில் இரண்டு வகையும் அருகருகே இருக்கின்றன. ரமழான் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னால் வந்துகொண்டிருப்பதால் போன ஆண்டுத் திட்டத்தைத் திகதி மாற்றிப் போட முடியாது. இரண்டு நாட்காட்டியையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக வைத்து, இரண்டு பக்கமும் பாடசாலை நடக்கும் வாரங்களை முதலில் நிறந்தீட்டுங்கள். பொதுப் பயிற்சி, வலயப் போட்டி, பொது வினாத்தாள் எல்லாம் அந்த வாரங்களுக்குள் மட்டும் வர வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக முஸ்லிம் பாடசாலைகள் நேரத்தோடு விட்டுவிடும். கூட்டு நிகழ்ச்சியை வெள்ளியில் வைத்தால் பாதிப்பேர் வரமாட்டார்கள், வராதவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

போட்டிகளைப் பொறுத்தவரை தமிழ்த்தினம், ஆங்கில தினம், சமூக விஞ்ஞானப் போட்டி, வினாடிவினா, மெய்வல்லுநர், பெருவிளையாட்டு எல்லாம் கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறிப்போகும். ஒவ்வொன்றும் தனித்தனிப் பிரிவிலிருந்து வருவதால் ஒரே வாரத்தில் மூன்று மோதும். சிறிய பாடசாலையில் பேச்சும் நாடகமும் ஓட்டமும் ஒரே பிள்ளையிடம்தான் இருக்கும். அந்தப் பிள்ளை இரண்டு மாதம் வகுப்பில் இராது. உதவிக் கல்விப் பணிப்பாளர்கள் எல்லாரையும் ஒரு நாள் ஒரே மேசையில் இருத்தித் திகதிகளை ஒன்றாகப் போடுங்கள். ஒரு பிள்ளை வலய மட்டத்துக்கு மேல் இரண்டுக்கு மேற்பட்ட நிகழ்ச்சியில் பயிற்சி எடுப்பதைத் தவிர்க்கும்படி அதிபர்களுக்கு அறிவுறுத்துங்கள். திறந்தவெளி நிகழ்ச்சிகளை ஜூன் முதல் ஓகஸ்ட் வரை நண்பகலில் வைக்க வேண்டாம். கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்து பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். காலை 7.30 இலிருந்து 10 வரை போதும். மழைக்கு முந்திய செப்டெம்பர் நல்ல மாதம்.

பணம் பற்றிச் சுருக்கமாக. நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. தர உள்ளீட்டுப் பணம் (கற்றல் கற்பித்தல் பொருட்களுக்கான ஒதுக்கீடு) பாடசாலைக்கு வந்துசேர ஆண்டின் நடுப்பகுதியாகலாம். ஆகவே முதலாம் தவணையில் செய்வது எதுவும் பணம் தேவைப்படாததாக இருக்க வேண்டும்: இனங்காணல், குழுப் பிரிப்பு, நேரசூசி. அச்சுத் தாளின் கணக்கை எப்போதும் குறைத்தே போடுகிறார்கள். 1,200 பிள்ளைக்கு வாரம் 2 தாள், 10 வாரம் என்றால் 24,000 தாள். 500 தாள் கட்டாக 48 கட்டு. மை, இயந்திரத் திருத்தம், கொண்டுபோய்ச் சேர்க்கும் வாகனம் வேறு. தாளைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு, பிள்ளை மேலே எழுதி அழிக்கும்படி செய்தால் குழுவுக்கு 15 பிரதி வீதம் பல ஆண்டு ஓடும். மூன்று விலைக்கோரலை ஒக்டோபருக்குள் எடுத்து முடியுங்கள். டிசம்பரில் அவசரமாக வாங்கும் பொருள்தான் பாடசாலைக் களஞ்சியத்தில் உறை பிரிக்காமல் கிடக்கும்.

இடமாற்றமும் திட்டத்தைக் குலைக்கும். ஆண்டு இடமாற்றம் ஜனவரியில் நடைமுறைக்கு வரும். டிசம்பரில் முடித்த திட்டத்தில் பெயர் எழுதப்பட்டவர் ஜனவரியில் இருக்கமாட்டார். இடமாற்றப் பட்டியல் வெளியானதும் அந்த மூன்று நிரல் தாளைத் திரும்பப் போட ஒரு வாரம் ஒதுக்கிவையுங்கள். நகரத்திலிருந்து நாளாந்தம் மூதூர்ப் பக்கம் போய்வரும் ஆசிரியர்களைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு தரைவழிப் பயணம் எளிதானது. ஆயினும் ஒரு பஸ் தவறினால் முதற் பாடவேளை போய்விடும். அவர்களின் முக்கிய பாடவேளைகளை இரண்டாவதிலிருந்து போடுவது நடைமுறைக்கு ஏற்றது. அந்தந்த ஊர் ஆசிரியர்கள் முதற் பாடவேளையை எடுக்கட்டும்.

பெற்றோரிடம் போகாமல் எந்தப் பாட மாற்றத்தையும் அறிவிக்க வேண்டாம். தனியார் வகுப்பில் எந்தப் பாடம் கிடைக்கிறதோ அதையே பிள்ளைக்குத் தெரிவுசெய்யும் பெற்றோர் நிறைய. அவர்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டு: இந்தப் பாடத்துக்குப் பாடசாலையில் இரண்டாண்டும் ஆசிரியர் இருப்பாரா, இதற்குப் பின் எங்கே போகலாம். உயர்தரத்தில் எந்தப் பிரிவுக்கு உதவும், திருகோணமலைத் தொழினுட்பக் கல்லூரியில் எந்தப் பாடநெறிக்குப் பொருந்தும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கூட்டத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வழக்கமான பொதுக்கூட்டத்தோடு சேர்த்து வையுங்கள், தனியாக அழைத்தால் கூலிவேலைக்கும் கடலுக்கும் போகிறவர்கள் ஒரு நாள் வருமானத்தை இழக்க வேண்டும்.

முன்னோடியாகத் தொடங்கும் பாடசாலைகளைத் தெரியும்போது நல்லவற்றைத் தெரிய வேண்டாம். 1ஏபி ஒன்று, 1சி (உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லாதது) ஒன்று, வகை 2 (தரம் 11 வரை) இரண்டு, வகை 3 (தரம் 5 அல்லது 8 வரை) ஒன்று என ஐந்து போதும். அவற்றில் குறைந்தது இரண்டு பாடசாலை பஸ் அரிதான இடத்தில் இருக்க வேண்டும். எப்போது விரிவாக்குவோம், எப்போது நிறுத்துவோம் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதுங்கள். அளப்பதற்கு நான்கு விடயம் போதும்: வரவு, வாசிப்புப் படியில் ஏறியவர்கள், தவணைப் புள்ளியில் 35 க்குக் கீழ் உள்ளவர்களின் எண்ணிக்கை, அலகு நிறைவு. சராசரிப் புள்ளியைப் பார்க்காதீர்கள். மேலே உள்ள பத்துப் பிள்ளைகள் அதைத் தூக்கிவிடுவார்கள், கீழே இருப்பவர்கள் மறைந்துவிடுவார்கள். அலகு நிறைவைப் பதிவேட்டில் பார்த்தால் எல்லாம் முடிந்ததாகவே இருக்கும். வகுப்பில் முன், நடு, பின் வாங்கிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியை எடுத்துக் கடைசியாக எழுதிய பக்கத்தின் திகதியையும் அலகையும் பாருங்கள். மூன்று கொப்பியும் ஒத்துப்போனால் பதிவேடு உண்மை.

ஒரு பாடத்தை நிறுத்த வேண்டி வந்தால் தரம் 10 க்குப் புதிதாகச் சேர்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகள் மூன்று பேரானாலும் தரம் 11 முடியும்வரை ஆசிரியர் வர வேண்டும். அதற்குரிய பாடவேளைகளை அடுத்த ஆண்டுத் தாளில் முதல் வரியில் எழுதிவிட்டு, மிச்சத்தை அதன் பிறகு பகிருங்கள்.